ஆக்சிலேட்டர் மிதித்தால் வண்டி உதறுகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

“அண்ணே, அறுபதுல போறப்ப மிதிச்சா வண்டி உதறுது. ரெண்டு தடவ பேலன்சிங் பண்ணியாச்சு, அலைன்மென்ட்டும் பாத்தாச்சு.”

கடலூர் செம்மண்டலமானாலும் புதுச்சேரி முதலியார்பேட்டையானாலும் மெக்கானிக்குகள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘மிதிச்சா’. மிதித்தால்தான் உதறுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் டயர் பேலன்சிங் கோளாறு கிடையாது. பேலன்ஸ் இல்லாத சக்கரத்துக்கு நீங்கள் மிதிக்கிறீர்களா இல்லையா என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தது வேகம் மட்டும்தான். எண்பதில் உதறினால், நியூட்ரலில் உருண்டு போனாலும் எண்பதில் உதறும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல்தான் பலர் பேலன்சிங், அலைன்மென்ட், நாலு டயர், லோயர் ஆர்ம் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். உதறல் மட்டும் அப்படியே இருக்கும்.

ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். கால் மணி நேரம் போதும்.

சாலையில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் நாலு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, டயர் குளிர்ந்த நிலையில். பிறகு ஒரு துணையை அழைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) குறித்துக்கொள்ள வேண்டும்.

கடலூர்–புதுச்சேரி சாலை இந்தச் சோதனைக்கு ஒத்துவராது. ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் என்று ஊரும் வேகத்தடையும் மாறி மாறி வரும். ஒரே வேகத்தை ஒரு நிமிடம்கூடப் பிடித்திருக்க முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்குத் திண்டிவனம் நாலுவழிச் சாலை இருக்கிறது. விடியற்காலையில் போனால் லாரி தொல்லையும் குறைவு. இன்னொரு தேவை, ஏற்றம். கடற்கரைச் சமவெளியில் மேடு அபூர்வம் என்றாலும் கடலூருக்குக் கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது. புதுச்சேரியில் ஏதாவதொரு ரயில்வே மேம்பாலம் போதும். மூன்றாவது, நாலாவது கியரில் ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டுக்கு முழுச் சுமை கிடைக்கும்.

சமதளத்தில் 80 வரை மெதுவாகப் போங்கள். உதறல் தொடங்கும் வேகத்தைக் குறியுங்கள். அதே வேகத்தில் இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

ஒன்று, ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். உதறல் அந்த நொடியே நின்றால் சுமை சார்ந்த கோளாறு. டிரைவ் ஷாஃப்டின் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட், எஞ்சின் மவுண்டிங், எஞ்சின் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவது), பின்சக்கரம் தள்ளும் வண்டியானால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டின்) முனை இணைப்பான கிராஸ் ஆகியவை முதல் சந்தேகம்.

இரண்டு, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். ஆர்பிஎம் ஐட்லுக்கு இறங்கிவிடும், சக்கரம் அதே வேகத்தில் ஓடும். இப்போதும் உதறினால் சக்கரம், டயர், ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகம்), பின்சக்கர வண்டியில் ஷாஃப்ட் பேலன்ஸ் பக்கம் போக வேண்டும். சாலை காலியாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். எஞ்சினை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீரிங்கும் கைவிட்டுவிடும்.

மூன்று, ஒரு கியர் குறைத்து மீண்டும் மெதுவாக வேகமெடுங்கள். நாலாவது கியரில் 70-ல் வந்த உதறல் மூன்றாவதில் 50-லேயே வந்தால், அது வேகத்தைப் பின்தொடரவில்லை, ஆர்பிஎம்மைப் பின்தொடர்கிறது. அப்படியானால் எஞ்சின், மவுண்டிங், கிளட்ச், சைலன்சர் குழாய் பக்கம் பாருங்கள்.

கடைசியாக, நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆர்பிஎம்மை 1,000-லிருந்து 3,500 வரை மெதுவாக ஏற்றுங்கள். நின்றபடியே உதறினால் சக்கரம், ஷாஃப்ட் எதையும் தொட வேண்டியதில்லை.

உதறல் எங்கே தெரிகிறது என்பதும் துப்புத்தான். ஸ்டீரிங் கையில் நடுங்கினால் முன்சக்கரம். சீட்டின் அடியில், தரையில் தெரிந்தால் பின்சக்கரம் அல்லது ஷாஃப்ட். வண்டியின் மூக்கே இடமும் வலமுமாக ஆடினால், ஸ்டீரிங் மட்டும் ஓரளவு அமைதியாக இருந்தால், உள் ஜாயின்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போடும்போது மட்டும் நடுங்குவது டிஸ்க் கோளாறு. இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

போனை வைத்து எண்ணிப் பார்ப்பது

அதிர்வை ஹெர்ட்ஸில் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. போனை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், அது தன் பங்குக்கு ஆடும். முன்சீட்டின் இரும்புத் தண்டவாளத்தில் டேப் போட்டு இறுக்கி ஒட்டுங்கள். பல போன்களின் சென்சார் நொடிக்கு 100 முறை அளவெடுக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ் வரையிலான கணக்கை மட்டும் நம்பலாம்.

165/80 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 620 மி.மீ., சுற்றளவு 1.95 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22.2 மீட்டர். வகுத்தால் சக்கரம் நொடிக்கு 11.4 சுற்று. ஆப்பின் வரைபடத்தில் 11 ஹெர்ட்ஸ் வாக்கில் மேடு எழும்பினால் சக்கரம் அல்லது டயர். அதன் மூன்று மடங்கில், அதாவது 34 ஹெர்ட்ஸில் எழும்பினால் முன்சக்கர வண்டியின் உள் ஜாயின்ட்; அதில் மூன்று உருளைகள் இருப்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று தட்டு. பின்சக்கர வண்டியில் ஆக்சில் விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் 45 ஹெர்ட்ஸில் சுற்றும்.

எஞ்சினுக்குத் தனிக் கணக்கு. 2,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் போனால் இரண்டு சுற்றுக்கு ஒரு குறை, அதாவது 20 ஹெர்ட்ஸ். ஆர்பிஎம் ஏறும்போது இந்த எண்ணும் சேர்ந்து ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் கணக்கு இல்லாமலும் கோளாறைப் பிடிக்கலாம். ஆனால் பட்டறையில் “டயர்தான் சார்” என்று ஒருவரும் “கியர்பாக்ஸ் சார்” என்று இன்னொருவரும் சொல்லும்போது, கையில் ஒரு எண் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

சக்கரம்: வேகத்தோடு வரும் உதறல்

மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உதறினால் இங்கே தொடங்குங்கள். ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். அலாய் வீலில் ஒட்டியிருந்த பேலன்சிங் வெயிட், வாட்டர் வாஷில் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். பசைத் தடம் மட்டும் சதுரமாகத் தெரியும். மழைக்குப் பிறகு உதறல் வந்திருந்தால் ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கை சேறு போதும், 80-ல் ஸ்டீரிங் ஆட. கழுவிவிட்டால் தீர்ந்தது.

டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் வேறு பேச்சே இல்லை, மாற்றிவிடுங்கள். உள்ளே நூல் அறுந்த டயர் அது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது.

பேலன்சிங் கடையில் பார்க்க வேண்டியது மெஷினின் கடைசி எண்ணை மட்டுமல்ல. வெயிட் அடித்த பிறகு மறுபடி சுற்றச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி, மீண்டும் கூம்பில் மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். இப்போது 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் சக்கரம் கூம்பில் நடுவாக உட்காரவில்லை. முதலில் செய்த பேலன்சிங்கும் வீண்தான். ஒரு பக்கத்துக்கே 60 கிராமுக்கு மேல் கேட்கிறது என்றால் வெயிட்டை அள்ளி அடிக்காமல், ரிம் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைச் சுற்றவிட்டு ஓரத்தருகே ஒரு பென்சிலை அசையாமல் பிடித்தாலே தெரிந்துவிடும். ரிம் ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் அந்த ரிம் சரியில்லை.

கடலோரத்தில் இன்னொன்றும் நடக்கும். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் இரவெல்லாம் வெளியில் நிற்கும் வண்டிகளில் ஹப் முகத்தில் துரு பொருக்காக ஏறும். அதன்மேல் ரிம்மை மாட்டினால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். மெஷினில் சரியாக இருந்த சக்கரம் வண்டியில் ஆடும். கம்பிப் பிரஷ் வைத்து ஹப் முகத்தையும் நடு வளையத்தையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே நட்டுகளை எதிரெதிராகப் பிடித்து, தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும். காற்று கன் வைத்துச் சர்ரென்று ஏற்றுவதால் நட் இறுகும், ஆனால் நாலும் சமமாக இறுகாது.

மிஸ்ஸிங்: மிதிக்கும்போது மட்டும் தெரியும் எஞ்சின் கோளாறு

ஐட்லில் வெண்ணெய் மாதிரி ஓடும் எஞ்சின், மிதித்தால் ‘தட தட’ என்று தடுமாறும். காரணம் எளிது. மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தரும் காயில் பலவீனமாக இருந்தாலோ பிளக் விரிசல் விட்டிருந்தாலோ ஐட்லில் சமாளித்துவிடும், சுமையில் தோற்றுவிடும். உப்புக் காற்றில் காயிலின் ரப்பர் குழலுக்குள் உள்ள ஸ்பிரிங் பச்சை பிடித்து அரித்துப்போவதும் உண்டு.

செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதே நிலையில் ஊர் சுற்றாதீர்கள். ஸ்கேனரில் பி0301 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் ஒன்றாவது சிலிண்டர், பி0302 இரண்டாவது. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறி வருகிறது.

பி0302 வந்ததும் இரண்டாவது காயிலை வாங்க ஓடாதீர்கள். இரண்டாவது காயிலை ஒன்றில் மாட்டி, ஒன்றாவதை இரண்டில் மாட்டி, ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். கோளாறு பி0301-க்கு நகர்ந்தால் காயில். நகரவில்லை என்றால் பிளக்கையும் அதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். பிளக் இடைவெளி வண்டிக்கு வண்டி 0.7 முதல் 1.1 மி.மீ. வரை மாறும், ஃபீலர் கேஜ் வைத்து அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். பிளக் கிணற்றில் எண்ணெய் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட்டும் போயிருக்கிறது. அதை மாற்றாமல் காயில் மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மறுபடி அதே கதை.

சிஎன்ஜி மாட்டிய வண்டியா? பெட்ரோலுக்கு மாற்றி அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். பெட்ரோலில் உதறல் இல்லை, கேஸில் மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பிளக்தான். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி வேண்டும். தேய்ந்த பிளக் முதலில் கேஸில்தான் காட்டிக்கொடுக்கும்.

எஞ்சின் மவுண்டிங்

மவுண்டிங் என்பது இரும்புக்கு நடுவே ரப்பர். எஞ்சின் முறுக்கும்போது அதைத் தாங்குவதும், நடுக்கத்தைப் பாடிக்கு அனுப்பாமல் விழுங்குவதும் அதன் வேலை. ரப்பர் கிழிந்தால் இரும்பு இரும்பைத் தொடும். மூன்று சிலிண்டர் வண்டிகளில் இது இன்னும் வேகமாக உறைக்கும்; அந்த எஞ்சின்களுக்கு இயல்பிலேயே ஆட்டம் அதிகம்.

சோதனைக்கு இருவர் வேண்டும். பானெட்டைத் திறந்து வையுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக், கால்பிரேக் இரண்டும் பிடித்தபடி ஓட்டுநர் முதல் கியரில் கிளட்சைப் பிடிபுள்ளி வரை மெல்ல விட்டு, உடனே கிளட்சையே மறுபடி மிதிக்கட்டும். பிறகு ரிவர்ஸில் அதே போல. எஞ்சின் சற்றுச் சாய்ந்து திரும்புவது இயல்பு. இரண்டு மூன்று செ.மீ. எகிறினால், அல்லது ‘டங்’ என்று அடித்தால், மவுண்டிங் போய்விட்டது. உள்ளே திரவம் நிரப்பிய வகையில் கீழே கறுப்பாக எண்ணெய் வடிந்த தடம் தெரியும்.

மாற்றும்போது எண்ணெய்ச் சம்ப்பின் அடியில் பலகை வைத்து ஜாக்கியால் எஞ்சினைத் தாங்குங்கள். பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் சம்ப் நெளிந்துவிடும். ஒவ்வொரு மவுண்டிங்காக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள். பலரும் தவறவிடும் இடம் அடுத்தது. போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, ஜாக்கியை எடுத்து, எஞ்சினைக் கையால் நாலைந்து முறை ஆட்டி அதன் இயல்பான இடத்தில் உட்கார விட்டு, அதற்குப் பிறகுதான் முறுக்க வேண்டும். இழுத்துப் பிடித்த நிலையில் முறுக்கினால் புது ரப்பர் எப்போதும் விறைப்பாகவே நிற்கும். புது மவுண்டிங் போட்ட பிறகு உதறல் கூடிவிட்டது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். அடுத்தது, மலிவு மவுண்டிங்கின் கட்டி ரப்பர்.

இங்கேயே சைலன்சர் குழாயையும் ஒரு முறை தட்டிப் பார்த்துவிடுங்கள். தொங்கு ரப்பர் அறுந்து குழாய் பாடியைத் தொட்டால் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் கிர்ரென்று நடுங்கும். இது பத்து நிமிட வேலை.

உள் ஜாயின்ட்: அதிகம் தப்பிக்கும் குற்றவாளி

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு டிரைவ் ஷாஃப்டிலும் இரண்டு ஜாயின்ட். வெளி ஜாயின்ட் கெட்டால் வளைவில் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்று தானே கத்திச் சொல்லிவிடும். உள் ஜாயின்ட் அப்படிக் கத்தாது. மிதிக்கும்போது வண்டியை ஆட்டும், விட்டால் மௌனமாகிவிடும்.

அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். ஷாஃப்டின் முனையில் மூன்று கைகள், ஒவ்வொரு கையிலும் ஊசிப் பேரிங் மேல் ஓடும் ஓர் உருளை. மூன்றும் ஒரு கிண்ணத்தின் மூன்று பள்ளத் தடங்களில் முன்னும் பின்னும் நழுவும். வண்டி முன்னோக்கி இழுக்கும்போது உருளை தடத்தின் ஒரே சுவரைத்தான் அழுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த ஒரு சுவரில் மட்டும் குழி விழும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் உருளை குழியில் மாட்டி, வழுக்கி வராமல் ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும், ஒரு சுற்றுக்கு மூன்று முறை. காலை எடுத்தால் அழுத்தம் எதிர்ச் சுவருக்குப் போகிறது. அது புதுசு மாதிரி இருக்கும். அதனால்தான் உதறல் நின்றுவிடுகிறது.

ஷாஃப்ட் எவ்வளவு சாய்வாக நிற்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் தள்ளல் கூடும். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் மூக்கு தூக்கும், உதறல் கூடும். வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங் நடுவில் ரப்பர் அட்ஜஸ்டர் செருகும் பழக்கம் நம்மூரில் நிறைய. முன்பக்கம் அதைச் செருகினால் வண்டி உயர்ந்து ஷாஃப்ட் நிரந்தரமாகச் சாய்ந்துவிடும். உதறல் அதைப் போட்ட பிறகு வந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், செலவே இல்லாத சோதனை.

முதல் பார்வைக்கு வண்டியை ஏற்றவே வேண்டாம், பிட்டில் நிறுத்தினால் போதும். கியர்பாக்ஸ் ஓரத்தில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான ‘பூட்’டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். விரிசல் அடிமடிப்பில்தான் ஒளிந்திருக்கும். சுற்றிலும் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்து நாளாகிறது. அந்த கிரீஸில் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். நறநறவென்றால் மணல் உள்ளே போய்விட்டது. நீர் புகுந்த கிரீஸ் கறுப்பு போய்ச் சாம்பலாக, பால் கலந்ததுபோல் இருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரத்தில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரில் தெருக்கள் மூழ்கின. அப்படி ஆக்சில் மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்ற வண்டியில் எஞ்சின் எண்ணெயை மாற்றிய பலரும் அந்த ரப்பர் பூட்டுக்குள் பார்க்கவில்லை. நீர் புகுந்த ஜாயின்ட் உடனே கெடாது. ஊசிப் பேரிங் துருப்பிடித்து, குழி விழ மாதங்கள் ஆகும்.

ஷாஃப்டைக் கழற்றி ஜாயின்ட்டைத் திறக்க, சாதாரண மேனுவல் கியர் சிறிய காரில் வரிசை இது:

1. சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு நட்டின் மடித்த உதட்டை நிமிர்த்தி, ஒருவர் பிரேக் மிதிக்க, நட்டைத் தளர்த்துங்கள். அந்தரத்தில் வைத்துத் தளர்த்த முயன்றால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியும்.

2. ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை எடுங்கள். கியர் எண்ணெயை வடியுங்கள். வடிக்காவிட்டால் ஷாஃப்டை இழுத்ததும் கையிலும் தரையிலும் கொட்டும்.

3. லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டைப் பிரித்து, ஹப்பை வெளியே சாய்த்து ஷாஃப்டின் வெளி முனையை உருவுங்கள். இறுகியிருந்தால் மரையின்மேல் சுத்தியல் வேண்டாம். பழைய நட்டை முனையோடு சமமாக ஏற்றிவைத்து, பித்தளைச் சுத்தியால் தட்டுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. உள் முனையைக் கியர்பாக்ஸிலிருந்து கடப்பாரை போன்ற லீவரால் நெம்புங்கள். ஷாஃப்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. கிண்ணம் கியர்பாக்ஸிலேயே நிற்க, உருளைகள் உள்ளே கழன்றுவிடும்.

5. பூட் கிளிப்பை வெட்டுவதற்கு முன் கிண்ணம், மூன்று கை, ஷாஃப்ட் மூன்றிலும் பெயின்ட்டால் நேர்க்கோட்டில் குறி வையுங்கள். கிரீஸைத் துணியால் முழுதும் துடையுங்கள்.

இப்போது நகத்தை எடுத்துத் தடத்தின் சுவரில் நீளவாக்கில் இழுங்கள். நல்ல சுவரில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். கெட்ட சுவரில், உருளை வழக்கமாக நிற்கும் இடத்தில், பளபளப்பான ஒரு பள்ளத்தில் நகம் விழுந்து எழும். கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரிவதை நகம் காட்டிக்கொடுத்துவிடும். உருளைகளையும் ஒவ்வொன்றாகச் சுழற்றுங்கள். சொரசொரப்போ ஆட்டமோ இருக்கக் கூடாது.

நகம் விழவில்லை, உருளை சரி, பூட் மட்டும் கிழிந்தது என்றால் புது பூட் கிட் போதும். நகம் விழுந்தால் கிண்ணமும் உருளைத் தொகுதியும் சேர்த்து மாற்ற வேண்டும். உருளையை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய குழி புது உருளையைத் தின்றுவிடும். சில வண்டிகளுக்கு ஜாயின்ட் தனியாகக் கிடைக்காது, முழு ஷாஃப்டாகத்தான் வரும். பழைய இரும்புக் கடையில் ‘ஒரிஜினல் ஷாஃப்ட்’ எடுத்தாலும் நகச் சோதனையைச் செய்துவிட்டு எடுங்கள்.

மாட்டும்போது கிட்டில் வரும் கிரீஸ் பாக்கெட் முழுவதையும் அந்த ஜாயின்ட்டிலேயே போடுங்கள். உள் ஜாயின்ட் கிரீஸும் வெளி ஜாயின்ட் கிரீஸும் பல வண்டிகளில் வேறு வேறு, கலக்க வேண்டாம். வீல் பேரிங் கிரீஸை அள்ளி அப்புவது சேராது. கடைசி கிளிப்பை இறுக்கும் முன் பூட் உதட்டுக்கடியில் சிறிய ஸ்க்ரூடிரைவரை நுழைத்து உள்காற்றைச் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் பூட் உறிஞ்சிய கன்னம்போல் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். கியர்பாக்ஸ் எண்ணெய் சீலையும் புதிதாகப் போடுங்கள். ஷாஃப்ட் முனைச் சர்க்கிளிப் புதிதாக இருக்கட்டும். உள்ளே தள்ளும்போது ‘டக்’ என்று உட்கார வேண்டும். உட்கார்ந்ததா என்று அறிய கிண்ணத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நடு நட் எப்போதும் புதிது. வண்டி தரையில் இறங்கியபின், மேனுவலில் உள்ள டார்க்கில் முறுக்கி உதட்டை மடியுங்கள். கியர் எண்ணெயை லெவல் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்க, எஞ்சினை ஓடவிட்டு “பாருங்க, ஆடுது” என்று காட்டுவார்கள். தொங்கும்போது ஷாஃப்ட் அதன் எல்லை வரை சாய்ந்திருக்கும், நல்ல ஜாயின்ட்டும் ஆடும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பின்சக்கர வண்டிகள்

ஏஸ், பொலேரோ, ஈகோ, இன்னோவா கிரிஸ்டா வகைகளில் விஷயம் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும். கடலூர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் சின்ன லோடு வண்டிகளில் பெட்டியின் உப்பு நீர் சொட்டுச் சொட்டாக அடியில் விழுந்துகொண்டே இருக்கிறது. கிராஸின் ஊசிப் பேரிங்குக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. சீலைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, துருதான் அரைபடுகிறது.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். பிறகு மேலும் கீழும் அசையுங்கள். கிராஸில் கண்ணுக்குத் தெரியும் எந்த ஆட்டமும் கூடாது. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் மாறும்போது ‘டங்’ என்று அடிப்பதும் இதன் அடையாளம். இரண்டு துண்டு ஷாஃப்டில் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். அது கிழிந்திருந்தால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே உதறும்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போடும் வட்டத் தகடு) நழுவு மரையிலும் (ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய நழுவும் பல் இணைப்பு) குறி வையுங்கள். இந்தக் குறியை வைக்காததால் வரும் கோளாறு, தேய்ந்த கிராஸால் வருவதைவிட மோசமாக இருக்கும். சாய்வான கிராஸ் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூட்டி, இரண்டு முறை குறைக்கும். மறுமுனைக் கிராஸ் அதே தளத்தில் நின்றால் அந்தக் கூட்டல் குறைத்தலைச் சரிக்கட்டிவிடும். நழுவு மரையில் ஒரு பல் தள்ளி மாட்டினால் கிராஸ்களைப் பிடிக்கும் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் நிற்காது. எல்லாம் புதிதாகப் போட்டும் உதறும் வண்டிகளில் ஷாஃப்டை ஓரக்கண்ணால் நீளவாக்கில் பார்த்தாலே இது தெரியும். ஷாஃப்டில் வெல்டு வைத்த சின்னத் தகடு உதிர்ந்திருந்தாலும், குழாயில் அடிபட்டிருந்தாலும் பேலன்சிங் மெஷின் உள்ள லேத் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

லோடு ஏற்றினால் மட்டும் கிளம்பும்போது உதறுகிறதா? பின் ஆக்சிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளைப் பாருங்கள். அவை தளர்ந்தாலோ பட்டை படுத்துவிட்டாலோ, மிதிக்கும்போது ஆக்சிலின் மூக்கு மேலே எழும்பி கிராஸின் சாய்வு மாறிவிடும். பண்ருட்டியிலிருந்து பலா ஏற்றும் பருவத்தில், அளவுக்கு மேல் அடுக்கிய வண்டிக்கு எந்தக் கிராஸும் மருந்தாகாது.

கிளட்ச்

கிளட்ச் பிடிக்கும் அந்த இரண்டு நொடி மட்டும் உதறி, முழுதும் விட்டதும் அடங்கினால் கிளட்ச் பிளேட். எண்ணெய் பட்டிருக்கும், அல்லது ஃபிளைவீலில் நீலக் கறை விழுந்திருக்கும். கியர்பாக்ஸை இறக்கிய கையோடு பின் ஆயில் சீலையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றுங்கள், மறுபடி இறக்கும் கூலியை நினைத்தால் அது சில்லறைக் காசு. ஸ்கூட்டரில் கிளம்பும்போது வரும் நடுக்கத்துக்கும் ஏறக்குறைய இதே காரணம்தான்: கிளட்ச் ஷூ கண்ணாடிபோல் வழவழத்திருக்கும், இல்லாவிட்டால் ரோலர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும்.

வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் உதறிய அதே சாலையில், அதே வேகத்தில், அதே கியரில், முடிந்தால் பின்சீட்டில் அதே ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். போனில் எடுத்த பழைய எண் இருந்தால் புதியதையும் பக்கத்தில் வையுங்கள். 50 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மீண்டும் ஒரு முறை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள். ஷாஃப்ட் கழற்றிய வண்டியானால் மறுநாள் காலை கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் சீல் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.